கோத்தகிரியில் 12 சென்ட் சரிவு நிலம்: வெட்டுகிற மண்ணிலேயே கல் அடித்து வீடு கட்டலாமா?

மலைச்சாரல் கேட்டது:

வணக்கம். கோத்தகிரியிலிருந்து ஏழு கிலோமீட்டர் தள்ளி 12 சென்ட் இடம் இருக்கிறது. முன்பு தேயிலை இருந்த நிலம், தென்கிழக்கே இறங்கும் சரிவு. டியூப் லெவல் பிடித்துப் பார்த்ததில் 20 டிகிரி வருகிறது. நாலு பேர் குடியிருக்க 850 சதுர அடிக்குள் மாடி இல்லாத வீடு வேண்டும். செங்கல்லும் சிமென்ட்டும் கீழிருந்து லாரி லாரியாக ஏற்றாமல், வெட்டுகிற மண்ணையே கல்லாக அடித்துச் சுவர் எழுப்பி, மேலே ஓடு போட்டு, கூரைத் தண்ணீரைச் சேர்த்து வைக்க ஆசை.

மேஸ்திரி சொல்வது வேறு. பொக்லைன் விட்டு மனை முழுவதையும் ஒரே மட்டமாக வெட்டி, வெட்டிய மண்ணை முன்பக்கம் தள்ளி வாசலை அகலமாக்கிக்கொள்ளலாம், வீட்டின் பின்சுவரையே கான்கிரீட்டில் மண் தாங்கும் சுவராகப் போட்டுவிடலாம், மழைநீர்க் குழியை முன்வாசலில் எடுக்கலாம் என்கிறார். மண் கல் இந்த மலை மழையில் கரைந்துவிடும் என்றும் சொல்கிறார்.

எங்கள் மண்ணுக்கு மண் கல் சரிப்படுமா, எப்படிச் சோதிப்பது, எத்தனை கல் பிடிக்கும்? ஐப்பசி கார்த்திகை மழைக்குச் சுவர் நிற்க என்ன செய்யவேண்டும்? மண் சுவர் மார்கழிக் குளிருக்குக் கதகதப்பாக இருக்கும் என்கிறார்களே, உண்மைதானா?


சரிவுக்கணக்கு:

சுவரைப் பற்றி மற்றவர்கள் சொல்வார்கள். அதற்கு முன்னால் மேஸ்திரி சொன்ன மூன்றையும் நிறுத்திவையுங்கள். மலையில் ஒரு வீடு சுற்றுச்சூழலோடு ஒத்துப்போகிறதா என்பது முதல் கல் வைப்பதற்கு முன்பே முடிவாகிவிடுகிறது: எவ்வளவு மண்ணை வெட்டினோம், தண்ணீரை எந்த வழியில் அனுப்பினோம் என்ற இரண்டில்.

கணக்குப் போட்டுப் பாருங்கள். 850 சதுர அடி என்பது ஏறத்தாழ 79 சதுர மீட்டர். அதைச் சதுரமாக வைக்காமல், தேயிலை வரிசை போகிற போக்கிலேயே, 12 மீட்டர் நீளம், 6.5 மீட்டர் அகலம் என்று நீளவாக்கில் வையுங்கள். 20 டிகிரி சரிவில் 6.5 மீட்டர் அகலத்துக்குள் தரை 2.37 மீட்டர் இறங்கும். ஒரே மட்டமாக வெட்டினால் பின்னால் ஆளுயரத்துக்கு மேல் மண் செங்குத்தாக நிற்கும். வெட்ட வேண்டியது 92 கன மீட்டர். அதே வீட்டை நடுவில் பிரித்து, மேல் மட்டத்தில் படுக்கையறைகள், ஏழு படி இறங்கினால் கூடமும் சமையலறையும் என்று இரண்டு மட்டமாக வையுங்கள். ஒவ்வொரு வெட்டும் 1.2 மீட்டரோடு நின்றுவிடும். மொத்தமே 46 கன மீட்டர்தான், சரிபாதி. ஆட்களை வைத்தே வெட்டிவிடலாம், பொக்லைன் தேவைப்படாது.

வெட்டிய மண்ணை முன்னால் தள்ளுவதுதான் இதில் பெரிய தவறு. சரிவின்மேல் தளர்வாகக் கொட்டிய மண் கெட்டி மண்ணோடு ஒட்டாது. நடுவில் புல்லும் தேயிலைத் தூரும் மக்கி ஒரு வழுக்குத் தளம் உருவாகும், தண்ணீர் அந்த இடுக்கு வழியாகத்தான் ஓடும். மூன்று நாள் விடாமல் மழை பிடித்தால் முதலில் நழுவுவது அந்த மண்தான், அதன்மேல் வாசலோ தூணோ இருந்தால் சேர்ந்து போகும். 2009 நவம்பரில் கோத்தகிரி, குன்னூர், கேத்திப் பக்கங்களில் நடந்த மண்சரிவுகளில் நாற்பதுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். மாவட்ட நிர்வாகம் 283 இடங்களை அபாயப் பகுதியாகப் பட்டியலிட்டிருக்கிறது. உங்கள் இடம் அதற்குள் வருகிறதா என்று தாலுகா அலுவலகத்தில் கேட்டுவிடுங்கள். அஸ்திவாரம் முழுவதும் வெட்டிய கெட்டி மண்ணில்தான் உட்காரவேண்டும். பாதி வெட்டு, பாதி நிரப்பு என்று வைத்தால் நிரப்பிய பாதி மட்டும் அமுங்கி, வீட்டுக்கு நடுவில் கூரையிலிருந்து தரைவரை விரிசல் விழும்.

பின்சுவரை மண் தாங்கும் சுவராக ஆக்காதீர்கள். மண் ஈரம் நேராகப் படுக்கையறைக்குள் வரும், எந்தப் பூச்சாலும் நிறுத்த முடியாது. தாங்கு சுவர் தனி, வீட்டுச் சுவர் தனி, நடுவில் ஒரு மீட்டர் இடைவெளி. அதில் வெயிலும் காற்றும் படவேண்டும், ஓர் ஆள் குனிந்து சுத்தம் செய்யவும் இடம் வேண்டும். 1.2 மீட்டர் வெட்டுக்குக் கருங்கல் சுவர் போதும்: 45 செ.மீ. அஸ்திவாரம், அடியில் 75 செ.மீ. அகலம், மேலே 45. சுவருக்குப் பின்னால் 30 செ.மீ. அகலத்துக்கு ஜல்லி, மண்ணுக்கும் ஜல்லிக்கும் நடுவில் வடிதுணி. அடியில் 110 மி.மீ. துளைக் குழாயை 100க்கு 1 வாட்டத்தில் பக்கவாட்டில் வெளியே எடுங்கள். சுவரில் 1.5 மீட்டருக்கு ஒரு 75 மி.மீ. வடிகுழாய். பல இடங்களில் குழாயை மட்டும் சுவரில் வைத்துவிட்டுப் பின்னால் ஜல்லி போடாமல் விட்டுவிடுகிறார்கள். ஒரே மழைக்காலத்தில் களி அடைத்துக்கொள்கிறது. அதன்பின் சுவர் மண்ணை மட்டுமல்ல, தேங்கிய தண்ணீரின் எடையையும் சேர்த்துத் தாங்கவேண்டியிருக்கும், வயிறு தள்ளும்.

வீட்டுக்குள் இரண்டு மட்டத்துக்கும் நடுவில் வரும் படிச் சுவரும் தாங்கு சுவர்தான் என்பதை மறந்துவிடுகிறார்கள். அதற்கும் ஜல்லியும் துளைக் குழாயும் உண்டு.

அடுத்து கான், அதாவது மழைத்தண்ணீர் ஓடும் வாய்க்கால். தேயிலை இருந்த நிலம் என்கிறீர்கள், அப்படியானால் பழைய கான் கட்டாயம் இருக்கும். மண் மூடிப் புல் முளைத்திருக்கும். மழை பெய்யும்போது குடை பிடித்துக்கொண்டு நடந்து பாருங்கள், தண்ணீர் எங்கே சேர்ந்து ஓடுகிறது என்று தெரிந்துவிடும். அந்த வழியை மூடிக் கட்டினால் தண்ணீர் தரைக்கு அடியில் புகும். மேல்பக்கத் தாங்கு சுவருக்கு மூன்று மீட்டர் மேலே 30 செ.மீ. அகலம், 30 செ.மீ. ஆழத்தில் கல் பதித்த கான் ஒன்று எடுத்து, மேலிருந்து வரும் தண்ணீரை வீட்டைச் சுற்றி இறக்கி, பழைய கானில் சேருங்கள். கல் பதிக்காமல் விட்டால் ஒரு வருடத்தில் அரித்துக் குழியாகிவிடும்.

மழைநீர்க் குழி பற்றி: 2003 முதல் தமிழ்நாடு முழுவதும் மழைநீர் சேகரிப்பு கட்டாயம். ஆனால் சமவெளியில் தோண்டுகிற உறிஞ்சுகுழியைச் சரிவு வீட்டின் வாசலில் தோண்டினால், சரிவுக்கு உள்ளேயே தண்ணீரை ஊற்றி ஊறவைப்பதாக அர்த்தம். உங்கள் கூரை விளிம்போடு சேர்த்து 108 சதுர மீட்டர் வரும். ஒரே நாளில் 20 செ.மீ. கொட்டினால் கூரையிலிருந்து மட்டும் 21,600 லிட்டர். அதை ஒரு குழிக்குள் விட்டால் என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள். மலையில் சேகரிப்பு என்றால் தொட்டி. மிஞ்சுவது கானுக்கு.


செம்மண்கல்:

சரிவுக்கணக்கு சொன்னதை முதலில் முடித்துவிட்டு இதைப் படியுங்கள்.

நீலகிரிச் செம்மண் நல்ல மண். சார்னோகைட் பாறை மக்கி உண்டானது, களி பெரும்பாலும் கேயோலினைட் வகை. கரிசல் போல உப்பிச் சுருங்காது. ஆனால் களியின் அளவு அதிகம், மணல் குறைவு. சிமென்ட் கலந்து அழுத்தும் கல்லுக்கு ஏற்ற மண் என்பது ஏறத்தாழ 15 பங்கு சரளை, 50 மணல், 15 வண்டல், 20 களி. ஆரோவில் மண் கட்டட நிறுவனம் பரிந்துரைக்கும் அளவு இதுதான். அதனால் இங்கே பெரும்பாலும் எம்-சாண்ட் (கல்லை உடைத்துச் செய்யும் மணல்) சேர்த்தே ஆகவேண்டும்.

கல் அடிக்க மேல்மண்ணை எடுக்காதீர்கள். கறுப்பாக, கையில் எடுத்தால் காட்டு வாசனை அடிக்கும் 30 முதல் 45 செ.மீ. வரை தனியாகக் குவித்து மூடி வையுங்கள், தோட்டத்துக்குத் தேவைப்படும். அதிலுள்ள மக்கு சிமென்ட்டை இறுக விடாது. அடியில் வேர் இல்லாத சிவப்பு மண் வந்ததும் அதிலிருந்துதான் சோதனை.

நேரான வாயுள்ள கண்ணாடிப் பாட்டிலில் மூன்றில் ஒரு பங்கு மண், மீதி தண்ணீர், ஒரு சிட்டிகை உப்பு. இரண்டு நிமிடம் நன்றாகக் குலுக்கி, ஒரு மணி நேரம் விட்டு, மறுபடி குலுக்கி அசையாத இடத்தில் வையுங்கள். ஒரு நிமிடத்துக்குள் அடியில் சொரசொரப்பாக உட்காருவது மணல், அந்த மட்டத்தைப் பேனாவால் குறியுங்கள். அடுத்த சில மணி நேரத்தில் படிவது வண்டல். மறுநாள்வரை தண்ணீரைக் கலங்கலாக வைத்திருந்து மேலே வெண்ணெய் மாதிரி படிவது களி. மூன்றின் உயரத்தையும் அளந்து இங்கே போடுங்கள்.

கல் கணக்கு: 24 x 24 x 9 செ.மீ. கல் என்றால் ஒரு சதுர மீட்டர் சுவருக்கு 40 பிடிக்கும். உங்கள் வெளிச்சுவர் 37 மீட்டர் சுற்று, 2.6 மீட்டர் உயரம், கதவு ஜன்னலுக்கு 20 சதுர மீட்டர் கழித்தால் 76. உடைசல் சேர்த்து 3,200 கல். ஒரு கல் பத்துக் கிலோ, ஆக 32 டன் கலவை. நூற்றுக்கு ஐந்து சிமென்ட் என்றால் 32 மூட்டை. மணல் 30 சதவீதம் சேர்த்தால் எம்-சாண்ட் 2 யூனிட் (ஒரு யூனிட் நூறு கன அடி). மண்ணுக்கு 16 கன மீட்டர் வெட்டினால் போதும், மேல்மண் கழித்தாலும் உங்கள் 46 கன மீட்டர் வெட்டிலேயே கிடைத்துவிடும். வெட்டின மண்ணை எங்கே கொட்டுவது என்ற தொல்லையும் பாதி தீர்ந்தது.

கல் அடிக்கும்போது தவறு நடப்பது பெரும்பாலும் ஈரத்தில். கலவையைக் கையில் இறுகப் பிடித்து உருண்டையாக்கி இடுப்புயரத்திலிருந்து கெட்டித் தரையில் போடுங்கள். மூன்று நான்கு துண்டாக உடைந்தால் சரி. தூளாகச் சிதறினால் ஈரம் போதாது, சப்பையாக ஒட்டிக்கொண்டால் அதிகம். மண்ணை 10 மி.மீ. வலையில் சலித்து, சிமென்ட்டோடு உலர்வாகக் கலந்து நிறம் ஒன்றானபின் தண்ணீர் தெளியுங்கள். தண்ணீர் பட்ட அரை மணி நேரத்துக்குள் அந்தக் கலவை தீர்ந்துவிடவேண்டும். சாயங்காலம் மிஞ்சியதை மறுநாள் தண்ணீர் விட்டு அடிப்பது வழக்கமாகிவிட்டது. அந்தக் கல்தான் பின்னால் விளிம்பு உதிர்கிறது, பழி மண் மேல் விழுகிறது.

பதப்படுத்த 28 நாள். முதல் இரண்டு நாள் ஷீட் போட்டு மூடி, பிறகு தினமும் நனைக்கவேண்டும். தை மாத இரவுக் குளிரில் சிமென்ட் மெதுவாகத்தான் பலம் பிடிக்கும், அதனால் ஒரு வாரம் கூடுதலாகவே விடுங்கள். களி மிகுந்த மண்ணுக்குச் சுண்ணாம்பு சேர்த்தால் நல்லது என்று படித்திருப்பீர்கள், உண்மைதான். ஆனால் குளிர்ந்த இடத்தில் அந்த வினை மிக மெதுவாக நடக்கும், கல்லை மாதக்கணக்கில் மூடி வைக்கவேண்டிவரும். உங்கள் உயரத்தில் மணல் கூட்டிச் சிமென்ட் கலப்பதே நடைமுறைக்கு ஒத்துவரும்.

கரைந்துவிடுமா என்றால், சிமென்ட் கலந்து பதமான கல் தண்ணீரில் போட்டாலும் கரையாது. ஆனால் நனைந்த கல்லின் பலம் காய்ந்த கல்லின் பலத்தில் பாதியளவுக்கு இறங்கிவிடும். அதனால்தான் சுவரை நனையவிடாமல் வைக்கச் சொல்கிறோம். தரைமட்டத்துக்கு மேல் 60 செ.மீ. கருங்கல் அடிப்பீடம், அதன்மேல் 4 செ.மீ. கான்கிரீட்டில் ஈரத்தடுப்பு. கூரைத் தண்ணீர் தரையில் விழுந்து தெறிக்கும் உயரம் அந்த 60க்குள் அடங்கிவிடும். அடிப்பீட மட்டத்திலும் ஜன்னல் தலைக்கு மேலும் பள்ளம் விட்ட கல் அடித்து, அதற்குள் 10 மி.மீ. கம்பி இரண்டு ஓட்டிக் கான்கிரீட் வளையம் போடுங்கள். சரிவில் அஸ்திவாரம் துளி அசைந்தாலும் சுவர் ஒன்றாக நிற்க அது தேவை.

பூச்சு சுண்ணாம்பில்தான். மண் கல்மேல் சிமென்ட் பூச்சும் பிளாஸ்டிக் எமல்ஷனும் அடித்தால், எங்காவது மயிரிழை விரிசலில் புகுந்த தண்ணீர் திரும்ப வெளியேற முடியாமல் உள்ளேயே நிற்கும். இரண்டாவது வருடம் பூச்சு தட்டினால் டொப் டொப்பென்று கேட்கும், பிறகு பாளமாக விழும். நீற்றுப்போட்டுக் குறைந்தது மூன்று வாரம் தண்ணீரில் ஊறிய சுண்ணாம்பு ஒன்றுக்கு மணல் மூன்று. முதல் பூச்சு 12 மி.மீ., இரண்டாவது 6. கடுக்காய்த் தண்ணீர் சேர்த்தால் இன்னும் நல்லது. நேரடிச் சாரல் படாமல் சாக்குப் படுதா கட்டிவிடுங்கள்.


ஓட்டுக்கூரை:

குளிர் பற்றிக் கேட்டிருந்தீர்கள். மண் சுவர் கதகதப்பு என்பது சமவெளிக்காரர்கள் சொல்லிச் சொல்லி மலைக்கும் வந்துவிட்ட பேச்சு. மண் சுவர் வெப்பத்தைத் தேக்கி வைக்கும், தடுக்காது. பகல் சூட்டை இரவுக்குத் தருவதெல்லாம் பகலில் சூடு ஏறியிருந்தால்தான். மூன்று நாள் மஞ்சு (மூடுபனி) இறங்கி நின்றால் 24 செ.மீ. சுவர் குளிர்ந்து, உள்ளே இருப்பவர் உடம்புச் சூட்டை இழுக்கும். குளிரைத் தடுப்பது அசையாத காற்றும் மரமும். சுவரின் உட்பக்கம் 50 மி.மீ. சட்டம் வைத்து 25 மி.மீ. பலகை அடித்தால், அந்தப் பலகையும் காற்று இடைவெளியும் சேர்ந்து தரும் தடுப்பு, மொத்த மண் சுவர் தருவதைவிட அதிகம். எல்லாச் சுவருக்கும் வேண்டாம். படுக்கையறைகளின் வடமேற்குச் சுவருக்கு மட்டும் செய்யுங்கள். ஆனால் சுவர் ஒரு கோடை முழுக்கக் காய்ந்த பிறகுதான் பலகை. ஈரச் சுவரை மூடினால் பின்னால் பூஞ்சை பிடித்து, அறை முழுக்க அந்த வாடை நிற்கும்.

படகர் ஹட்டிகளில் (ஊர்களில்) பழைய வீடுகள் பக்கச் சுவரைப் பகிர்ந்துகொண்டு வரிசையாக நிற்பதைப் பாருங்கள். ஒவ்வொரு வீட்டுக்கும் வெளிக்காற்றுப் படும் சுவர் இரண்டு குறைகிறது. தனி வீட்டில் அந்த வேலையை அலமாரியும் குளியலறையும் சாமான் அறையும் செய்யட்டும். அவற்றை வடக்கு, மேற்குப் பக்கம் தள்ளுங்கள்.

உங்கள் சரிவு தென்கிழக்கே இறங்குவது பெரிய வரம். டிசம்பரில் காலை ஒன்பது, ஒன்பதரைக்குச் சூரியன் கிட்டத்தட்ட நேர் தென்கிழக்கில் 34 டிகிரி உயரத்தில் நிற்கும், உங்கள் நீளச் சுவருக்கு நேர் எதிரே. 75 செ.மீ. கூரை விளிம்பு அப்போது சுவரில் 50 செ.மீ. அளவுக்குத்தான் நிழல் போடும். ஜன்னலின் தலையை விளிம்புக்கு 50 செ.மீ. கீழே வைத்தால் கண்ணாடி முழுக்க வெயில். ஒரு சதுர மீட்டர் கண்ணாடி வழியாகத் தெளிந்த காலையில் 400 வாட்டுக்கு மேல் சூடு உள்ளே வரும். தரையைக் கறுப்பு ஆக்சைடு போட்டால் அதைப் பிடித்துக்கொள்ளும். ஆறு சதுர மீட்டர் ஜன்னல் இந்தப் பக்கம், வடக்கில் காற்றோட்டத்துக்கு மட்டும் சிறியவை.

ஒரு சிக்கல்: தொட்டபெட்டா மறைப்பதால் கோத்தகிரிக்குத் தென்மேற்கு மழை குறைவு, வடகிழக்குப் பருவமழைதான் பலமாக அடிக்கும். அதுவும் கிழக்கிலிருந்து. ஆகவே வடகிழக்கு முக்கோணச் சுவரில் மண் கல் வேண்டாம், அல்லது அதன்மேல் ஒன்றின்மேல் ஒன்று ஏறும்படி சைப்ரஸ் பலகை அடியுங்கள். ஜன்னல் சில்லின் அடியில் சொட்டுப்பள்ளம் கட்டாயம் விடுங்கள். அந்த ஒரு விரல் பள்ளம் இல்லாததால் தண்ணீர் சுவரோடு வழிந்து ஜன்னலுக்குக் கீழே கறுப்புத் தாரை இறங்கிய வீடுகளைத் தெருவுக்குத் தெரு பார்க்கலாம்.

கூரை: மங்களூர் ஓடு, 30 டிகிரி வாட்டம், ஏறத்தாழ 1,900 ஓடு. பழைய பங்களா இடிக்கிற இடத்தில் வாங்கினால் தட்டிப் பார்த்து எடுங்கள், கணீரென்று ஒலிக்கவேண்டும். மந்தமாகக் கேட்டால் உள்ளே விரிசல். ஓட்டுக்கு அடியில் 50 மி.மீ. காற்றுவழி, அதற்குக் கீழே தடுப்பு அட்டை, பிறகு மரப்பலகைக் கூரை. இரும்பு ஷீட் போட நினைத்தாலும் இதே அடுக்கு வேண்டும். வெறும் ஷீட் தெளிந்த இரவில் வானத்துக்குச் சூட்டை விட்டுச் சில்லிட்டுப்போகும், சமையலறை ஆவி அதில் பட்டுக் காலையில் மழை மாதிரிச் சொட்டும். குரங்கு நடமாட்டம் இருந்தால் விளிம்பு இரண்டு வரிசை ஓட்டைச் செம்புக் கம்பியில் கட்டுங்கள், அந்த இரண்டு வரிசையைத்தான் முதலில் பிரிக்கும்.

மரம் வெளியிலிருந்து வேண்டாம். சில்வர் ஓக் பலகைக்கு நல்லது, ஆனால் பூச்சி உடனே பிடிக்கும். நூறு லிட்டர் தண்ணீருக்கு வெங்காரம் (போராக்ஸ்) 3 கிலோ, போரிக் அமிலம் 2 கிலோ கரைத்து, அறுத்த பச்சைப் பலகையை ஒரு வாரம் ஊறவைத்து, பிறகு மூன்று வாரம் நெருக்கி அடுக்கி ஷீட் போட்டு மூடிவிட்டு, நிழலில் காயவிடுங்கள். மழை படும் இடத்தில் இந்த மருந்து கரைந்து போய்விடும், உள்வேலைக்கு மட்டும். கற்பூர மரத்தை (யூகலிப்டஸ்) பலகையாக அறுக்காதீர்கள், முறுக்கிப் பிளக்கும்.


மலைச்சாரல்:

மிகவும் நன்றி அண்ணா, எல்லோருக்கும். பாட்டில் சோதனை செய்தேன். மொத்தம் 15 செ.மீ. படிந்தது: மணல் 6, வண்டல் 3, களி 6. தொட்டி எவ்வளவு பெரிது, எங்கே வைப்பது? கழிவறைத் தண்ணீருக்கு உறிஞ்சுகுழி கூடாதென்றால் வேறு வழி என்ன?


சரிவுக்கணக்கு:

தொட்டி: ஆண்டுக்கு 1,500 மி.மீ. மழை என்று வைத்தாலும், ஓடு உறிஞ்சுவது, தெறிப்பது போக உங்கள் கூரையிலிருந்து 1,30,000 லிட்டர் அளவுக்குக் கிடைக்கும். எல்லாவற்றையும் சேர்க்கத் தேவையில்லை. மழையில்லாத நூறு நாளுக்கு நாலு பேருக்கு ஆளுக்கு 60 லிட்டர் என்றால் 24,000. நாலு மீட்டர் விட்டம், இரண்டு மீட்டர் உயரத்தில் ஃபெரோசிமென்ட் தொட்டி ஒன்று 25,000 பிடிக்கும். நிறைந்தால் தண்ணீர் மட்டுமே 25 டன் எடை. ஆகவே நிரப்பிய மண்ணிலும் சரிவின் விளிம்பிலும் வேண்டாம், வீட்டுக்கு மேலேயும் வேண்டாம். கீழ் மட்டத்துக்குப் பக்கவாட்டில் தனியாக வெட்டிய கெட்டி மேடையில் வையுங்கள். கலவை சிமென்ட் ஒன்றுக்கு மணல் மூன்று, தண்ணீர் சிமென்ட் எடையில் 0.4 பங்குக்கு மேல் போகக்கூடாது. வெல்டு மெஷ்ஷின் இருபுறமும் கோழிவலை, சுவர் 4 முதல் 5 செ.மீ. பூசத் தொடங்கினால் அந்தச் சுற்று முடியும்வரை நிறுத்தாதீர்கள். நிறுத்திய இடத்தில்தான் பின்னால் கசியும். முதல் மழையில் கூரை கழுவி வரும் 100 லிட்டரை வெளியே விடத் தனிக் குழாய். நிரம்பி வழிவதற்கும் கழுவிவிடுவதற்கும் 110 மி.மீ. குழாய், இரண்டும் கல் பதித்த கானுக்கு.

கழிவு: இரண்டு அறை கொண்ட செப்டிக் டேங்க், உள்ளளவு 2 மீட்டர் நீளம், 0.9 அகலம், தண்ணீர் ஆழம் 1.2. சமவெளி அளவைவிடப் பெரிதாகச் சொல்வதற்குக் காரணம், குளிரில் கிருமிகள் மெதுவாக வேலை செய்யும். அதிலிருந்து வரும் தண்ணீரும் குளியல், சமையல் தண்ணீரும் கசியாத அடிப்பாகம் கொண்ட ஜல்லிப் படுகைக்குப் போகட்டும். ஆளுக்கு 2 சதுர மீட்டர் வீதம் 8 சதுர மீட்டர், 60 செ.மீ. ஆழம், 10 முதல் 20 மி.மீ. ஜல்லி, மேலே கல்வாழை, சேம்பு. தண்ணீர் மட்டம் ஜல்லிக்கு ஐந்து செ.மீ. கீழே நிற்கவேண்டும், மேலே தெரிந்தால் கொசுவும் நாற்றமும் வரும். சமையலறைத் தண்ணீருக்கு எண்ணெய்ப் பொறி வைக்காமல் விட்டால் படுகை ஒரு வருடத்தில் அடைத்துக்கொள்ளும். வெளிவரும் தண்ணீரை ஒரே இடத்தில் கொட்டாமல் ஆழமில்லாத நீண்ட வாய்க்காலில் பரப்பிச் செடிகளுக்கு விடுங்கள். சமையல் கழிவுக்கு உரக்குழி போட்டால் மேலே கனமான மூடி வேண்டும், கரடி வரும்.


வரைபடம்:

ஆவண வேலையை யாரும் சொல்லவில்லை, சுருக்கமாக. மலைப்பகுதி விதிப்படி கட்டடம் 7 மீட்டர் உயரத்தைத் தாண்டக்கூடாது, உங்கள் வீட்டுக்கு அது பிரச்சினையில்லை. மலைப்பகுதிப் பாதுகாப்புக் குழுமத்துக்குள் உங்கள் கிராமம் வருகிறதா என்று வரைபடம் போடுவதற்கு முன்பே உறுதிசெய்யுங்கள். மண் வெட்டும் இயந்திரத்துக்கும் ஆழ்துளைக் கிணற்றுக்கும் அனுமதி இல்லாமல் கை வைக்கக்கூடாது. சொந்த நிலத்து மரமானாலும் 1955ஆம் ஆண்டு மலைப்பகுதி மரப் பாதுகாப்புச் சட்டப்படி அனுமதி வாங்கித்தான் வெட்டவேண்டும், சில்வர் ஓக் பலகைக்கும் இது பொருந்தும். விண்ணப்பத்தோடு சரிவின் குறுக்குவெட்டுப் படமும் கான் போகும் வழியும் போட்டுக் கொடுங்கள்.


செம்மண்கல்:

6, 3, 6 என்றால் மணல் 40, வண்டல் 20, களி 40. எதிர்பார்த்ததைவிடக் களி கூடுதல். மேலே சொன்ன 30 சதவீத மணல் போதாது. ஆறு சட்டி மண்ணுக்கு நாலு சட்டி எம்-சாண்ட் போடுங்கள்: களி 24, வண்டல் 12, மணல் 64 என்று வந்துவிடும். எம்-சாண்ட் கிட்டத்தட்ட 3 யூனிட் ஆகும். கழுவிய மணலாகப் பார்த்து வாங்குங்கள், கிரஷர் தூள் அதிகமிருந்தால் களியைக் குறைக்கச் சேர்த்த மணலே நுண்தூளைக் கூட்டிவிடும்.

மொத்தமாக அடிப்பதற்கு முன் இருபது கல் மட்டும் அடியுங்கள். பத்துக் கல்லில் ஐந்து சதவீதம் சிமென்ட், மீதிப் பத்துக் கல்லில் ஏழு சதவீதம். ஈரக் கல்லில் ஆணியால் அடையாளம் கீறிவிடுங்கள், காய்ந்தபின் வித்தியாசம் தெரியாது. 28 நாள் கழித்து இரண்டு வகையிலும் பாதியைத் தண்ணீரில் ஒரு நாள் முழுக்க மூழ்க வைத்து எடுத்து, ஆணியால் முகத்தில் அழுத்திக் கீறுங்கள். வெள்ளைக் கோடு மட்டும் விழுந்தால் அந்த அளவு போதும். மண் பெயர்ந்து ஆணி பள்ளம் பறித்தால் அந்தச் சிமென்ட் அளவு உங்கள் மண்ணுக்குப் போதாது. மீதிக் கல்லைக் கோயம்புத்தூரில் சோதனைக்கூடம் உள்ள ஏதாவது ஒரு பொறியியல் கல்லூரியில் நசுக்கிப் பார்க்கக் கொடுங்கள். நனைந்த நிலையில் என்ன பலம் என்று கேளுங்கள், காய்ந்த கல்லின் எண்ணை மட்டும் வாங்கி வராதீர்கள்.

இருபது கல்லையும் இந்தக் கார்த்திகைக்குள் ஓட்டுச் சார்ப்புக்குக் கீழே அடித்துவிட்டால், தை பிறந்ததும் முழு வேலையைத் தொடங்கலாம். மாசிக்குள் கல் முடிந்து, சித்திரைக்குள் சுவர் எழும்பி, வைகாசிக்குள் ஓடு ஏறவேண்டும். சுண்ணாம்புப் பூச்சு ஆவணிக்கு முன்னால் முடிந்தால்தான் ஐப்பசி மழைக்குள் இறுகும்.